ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

கல்யாணங்களில் நான் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவேன். ரசம் சூடாக இருக்கும், பாயசத்தில் முந்திரி அகப்படும். அன்று மட்டும் நான் சாப்பிடப் போகவில்லை, கீழேயே இருந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்துக்கொண்டுதான் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். கெட்டிக்காரர். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கூர்மை கிடையாது. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லாததால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் நாகேந்திரன். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுமானப் பாடம் நடத்துகிறேன். பீமின் மேல் பாரம் ஏறினால் அது பீமை எங்கே எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டுவோம். பெண்டிங் மொமென்ட் படம் என்று அதற்குப் பெயர். அந்தப் படத்தின் பரப்பளவை எடுத்தால் போதும், பீம் எவ்வளவு சாயும், எவ்வளவு தொய்யும் என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடலாம். கரும்பலகையில் ஆயிரம் பீம்களைத் தொய்ய வைத்திருக்கிறேன். 1991 வரை கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

1991-இல், கரையான்சாவடியில் எண்ணெய் மண்டி வைத்திருந்த கோவிந்தராஜ் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். கீழே மணமேடை, மேலே சாப்பாட்டுக் கூடம். பிளான் என்னுடையது. நாற்பதடி பீமுக்கு நடுவில், மேடைக்கு முன்னால், ஒரு தூண் வைத்திருந்தேன். கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வீடியோக்காரரைக் கூட்டிவந்து நிறுத்திச் சொன்னார்.

“இன்னா சார் இது, பொண்ணு மாப்ளைய எடுத்தா நடுவுல தூணு நிக்குது. துட்டு குட்த்து கேசட் போட்டு தூணையா பாப்பான்? தூக்கிடு சார்.”

அன்றே வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தூணுக்கு மேல் மேடாக இருந்த படம், தூணை எடுத்ததும் பள்ளமாகிவிட்டது. வளைவு நாலு மடங்கு, தொய்வு ஏறத்தாழ நாற்பது மடங்கு. பீமை இன்னும் ஒன்றரை அடி ஆழமாக்கி, அடியில் எட்டுக் கம்பி சேர்க்க வேண்டும் என்றேன். மேடைக்கு மேலே உயரம் குறைந்துவிடும் என்று சொல்லி, கோவிந்தராஜ் இரண்டு கம்பிக்கு மட்டும் சம்மதித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கவே இல்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஒருமுறை சொன்னேன், ஆங்கிலத்தில்.

வெறும் தளத்துக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் தொய்யும். பந்தி நிரம்பினால் ஐம்பத்தெட்டு, அதோடு கம்பி இளகி பீம் உடைந்துவிடும். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

பந்தி நிரம்புவது என்றால் என்னவென்று பாடப்புத்தகம் எழுதியவர்களுக்குத் தெரியாது. நம்மிடம் ஓர் இலைக்கு இரண்டு ஆள். ஒருவர் சாப்பிடுவார், இன்னொருவர் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எப்போது எழுவார் என்று பின்னாலேயே நிற்பார். மோர் ஊற்றும்போதுதான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். இதற்கென்றே ஏழு கல்யாணங்களுக்குப் போய் எண்ணி, சராசரி எடுத்தேன்.

மேஸ்திரி வேம்புலி அயனம்பாக்கத்துக்காரர். கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகையைப் பிரித்த மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார்.

“சார், பீமு நடுவுல தொங்கிகினு கீது சார். நூல் புடிச்சிப் பாத்தேன், ஒரு வெரக்கட வருது.”

ஒரு விரல் அகலம் என்று அவர் சொன்னதைப் போய் அளந்தேன். சரியாக இருபத்திரண்டு. வேம்புலியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருக்க வேண்டிய தொய்வுதான் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் மூன்று மாதம் காதுகுத்தும் வளைகாப்பும்தான் நடந்தன. அறுபது பேர், எழுபது பேர். ஒவ்வொரு தடவையும் போய் அளந்தேன், நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை. நான் சோர்ந்துபோயிருந்த சமயத்தில் வேம்புலி மறுபடி வந்தார்.

“நம்ம பொண்ணு சுசீலா கண்ணாலத்த இங்கியே வச்சிக்கச் சொல்றாரு மொதலாளி. ஐநூறு பேரு வருவாங்கோ. எனக்கு மனசு ஒரு மாரி கீது சார். வச்சிக்கலாமா? நீங்க சொன்னாத்தான்.”

ஒரு வாத்தியாரிடம் இப்படி ஒரு கேள்வி எத்தனை தடவை வரும்? “தாராளமா வச்சுக்கப்பா,” என்றேன். பெண்ணுக்கு ஒரு குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு போனேன்.

பீமின் நடுவில் அளவுகோல் ஒட்டி, சுவருக்குச் சுவர் நூல் இழுத்துக் கட்டியிருந்தேன். சீரியல் பல்புக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அங்கே தொய்வு பூஜ்யம், முதல் வருஷப் பையனுக்கே தெரியும். முதல் பந்தி உட்கார்ந்தபோது நாற்பத்தொன்று. அடுத்த பந்திக்காரர்கள் போய் நாற்காலிகளைப் பிடித்தபோது ஐம்பது. நான் வரைந்த கோட்டின் மேலேயே அந்த பீம் நடந்துபோய்க்கொண்டிருந்தது. அத்தனை சந்தோஷமாக நான் என் சொந்தக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

வேம்புலி வேர்க்க விறுவிறுக்க வந்தார். “சார், மேல நெறநெறன்னு சத்தம் கேக்குது. ஜனத்த எறக்கிடட்டா?”

ஐம்பத்துமூன்று. இறக்கியிருக்கலாம், இறங்க நேரமும் இருந்தது. விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேலே இன்னும் மோர் வரவில்லை.

“நாற்காலி இழுக்கிற சத்தம்ப்பா. நீ போய்ப் பொண்ணு பக்கத்துல நில்லு, வீடியோ எடுக்கிறாங்க.”

போய் நின்றார். மேடைக்கு முன்னால், பீமுக்கு நேர் கீழே. கடைசி நொடியில் பெண்ணைத் தள்ளிவிட்டிருக்கிறார். அவள் பிழைத்தாள். பதினான்கு பேர் பிழைக்கவில்லை, வேம்புலியையும் சேர்த்து.

வருத்தமே இல்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லாமல் இருக்குமா? உடைவதற்கு முன் நான் கடைசியாகப் படித்த அளவு அறுபத்தொன்று. லாக்கப்பில் உட்கார்ந்து மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டேன், படமும் சரி, பரப்பும் சரி. அந்த மூன்று மில்லிமீட்டர் கலவையில் தண்ணீர் கூடிப்போனதால் வந்தது. அது மேஸ்திரியின் அஜாக்கிரதை. வேம்புலி உயிரோடு இருந்திருந்தால், அவர்மேல் கட்டாயம் வழக்குப் போடச் சொல்லியிருப்பேன்.