கை நனைக்க வைத்த கார்

பசுவந்தனை பஸ் கோவில்பட்டியை விட்டு நகர்ந்ததும், என் முன் சீட்டில் பூப்பொட்டலத்தோடு இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "கார் கெட்டுப்போனதாலதான் மதினி எம் மவனுக்குக் கல்யாணம் முடிவாச்சு."

"அதெப்படி?"

"நாகலாபுரத்துல பொண்ணு பார்த்தோம். எனக்குப் பிள்ளைய அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. எங்க வீட்டுக்காரவிய, யோசிச்சுச் சொல்லுதோம்னு கிளம்பிட்டாவ. ஏறி உக்காந்தா கார் உறுமுது, நகரல. பழைய ஆட்டோமேட்டிக் வண்டிலா. கியர் ஆயில் பூரா பொண்ணு வீட்டு வாசல்ல ஒழுகிக் கிடக்கு."

"தள்ளிப் பார்க்கலையா?"

"கோவில்பட்டி வரைக்குமா? மெக்கானிக் வர சாயங்காலம் ஆகும்னுட்டான். உள்ள கோழிக்குழம்பு கொதிக்குது."

"பேசி முடிக்காம பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாவளே."

"அதான். பசியோட பல்லைக் கடிச்சுட்டு இருந்தாவ. பொறவு, 'சரி, பேசி முடிச்சிருவோம், இலையப் போடுங்க'ன்னுட்டாவ."

மற்றவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கார் இப்ப சரியாயிட்டா மதினி?"

"ஓடுது. ஆனா ஆயில் ஒழுகத்தான் செய்யுது."

"ஒழுகட்டும். ஞாயித்துக்கிழமை எம் மவளப் பார்க்க வாராவ. மாப்பிள்ளை வீட்டாளுகள ஒங்க கார்லயே கூட்டிட்டு வந்திருதியளா?"