ஒத்தக்காது கழுதை மேல விழுந்த பழி

"எட்டு மாசம், கிறிஸ்டிக்கா, எட்டு மாசம் என்னைய உக்கார வச்சு, ஒரு பாவமும் அறியாத கழுதைய ஊரே தொரத்தித் தொரத்தி அடிக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே!" இப்படிக் கேக்குறா. போன்ல. என்னைய! 'நல்லாருக்கீங்களா' இல்ல, 'சாப்டீங்களா' இல்ல, எடுத்த எடுப்புல கழுதை. நீங்களே சொல்லுங்க, காலங்காத்தால ஒரு மனுஷிகிட்ட பேசுற பேச்சா இது?

ஐய, ஏங்க இப்படி நவுந்து உக்கார்றீங்க? நெசக் கழுதை இல்லீங்க. பொம்மை. துணிப் பொம்மை. நான் யாரையும் அடிக்கிற ஆளு இல்ல, பெரம்பலூர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க. வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க. அது சரி, இது லெப்பைக்குடிக்காடு பஸ்தானே? போர்டு பாக்காமயே ஏறிட்டேன். அப்பாடா. பைய இப்படி வைங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு, சாவகாசமாச் சொல்றேன்.

தொண்ணூத்தேழுல டிவியில ஞாயித்துக்கெழம காலைல ஒன்பது மணிக்கு வந்துச்சே, 'உம்மணாமூஞ்சி ராஜ்ஜியம்'? பாக்கலியா? என்னங்க நீங்க! அப்ப என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க? சரி, போவட்டும். பதிமூணே வாரம்தான். காலுறைல செஞ்ச ராஜா. பொத்தான்லதான் கண்ணு, ஒண்ணு பச்சை, ஒண்ணு கறுப்பு. சிரிக்கவே மாட்டாரு. அஞ்சாவது வாரம், உள்ள கையவிட்டு ஆட்டுறவரோட வாட்ச் ரெண்டு செகண்டு வெளிய தெரிஞ்சிருச்சு. மணி நாலு இருவது. அதுக்குன்னே எங்க வெப்சைட்ல தனியா ஒரு பக்கம் வச்சிருக்கோம்.

ஆமாங்க, வெப்சைட். அந்த நாடகத்துக்கு வெப்சைட் நடத்துறது நான்தான். நானும் ஜுலைகாவும். ஏன், வூட்டுல இருக்குற பொம்பளை நடத்தக் கூடாதா? எங்க வூட்டுக்காரர் வாத்தியாரு, அவரே இப்படித்தான் பாப்பாரு, நீங்க இப்பப் பாத்த மாதிரி. சாயங்காலம் பள்ளிக்கூடத்துலேந்து வந்ததும் செருப்பக் கழட்டும்போதே, "ராஜா சாப்டாச்சா? எனக்கு எதுனா மிச்சம் இருக்கா?"ம்பாரு. நக்கலு. பையன் சகாய ஆனந்துக்குன்னு கம்ப்யூட்டர் வாங்கினோம். அவன் இஞ்சினீரிங் படிக்க ஹாஸ்டல் போயிட்டான். அது மேல துண்டு போத்தி, துண்டு மேல ஊறுகா பாட்டில் வச்சிருந்தாங்க. எனக்குப் பொறுக்கல. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல லேடீஸ் பேட்ச், பதினொண்ணுலேந்து ஒண்ணு. போயி உக்காந்தேன். பக்கத்து நாற்காலிலதான் ஜுலைகா.

அவ சொந்த ஊரு லெப்பைக்குடிக்காடுதான். வூட்டுக்காரர் ஹபிபுல்லா ஷார்ஜாவுல. பொண்ணு இஃப்பத் படிப்புக்காக அப்ப பெரம்பலூர்ல வாடகைக்கு இருந்தா. எனக்குப் பத்து வயசு சின்னவ. எதையும் ஒரு தடவ சொன்னாப் புடிச்சுக்குவா, எனக்கு மூணு தடவ சொல்லணும். அத நான் அவகிட்ட சொன்னதில்ல. மொத நாளு பொழுதுபோகாம நோட்டுல ஒரு மூஞ்சி வரைஞ்சுட்டு இருந்தா. பாத்தா, ஒரு கண்ணு பச்சை, ஒரு கண்ணு கறுப்பு! நான் கத்தியே விட்டேன். மிஸ் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருச்சு. நாப்பத்திநாலு வயசுல வகுப்புக்கு வெளிய நின்னவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அப்பறம் என்ன? சைட்ட ஆரம்பிச்சோம். கதைச்சுருக்கம் நான் எழுதுவேன், கான்வென்ட்டுல கட்டுரைல எப்பவும் நான்தான் மொதல்ல. படம், பட்டன், மினுக்குற நட்சத்திரம் எல்லாம் அவ. எங்க தமிழ் எழுத்து ஃபாண்ட எறக்கிக்காமப் பாத்தா எல்லாம் கோழி கிளறுன மாதிரி தெரியும். அதுக்கே திட்டி எழுதுவாங்க. எத்தனை பேரு பாத்தாங்கன்னு கீழ ஒரு கணக்கு ஓடும். நாலாயிரத்துச் சொச்சம். அதுல ரெண்டாயிரம் நானு. சிரிக்காதீங்க. மிச்சம் ரெண்டாயிரம் நெசந்தானே? சிங்கப்பூரு, மஸ்கட்டு, சென்னை... அந்தப் பொம்மைய மறக்காத ஆளுங்க ஒலகம் பூரா இருக்காங்க.

கதைக்கு வரேன், வரேன். மொத வாரமே ராஜாவோட கிரீடம் காணாமப் போயிடும். பதிமூணு வாரமும் யாரு எடுத்தா, யாரு எடுத்தா... மந்திரியா, சமையக்காரியா, ஒத்தக்காதுன்னு ஒரு கழுதை, அதா? கடைசி வாரந்தான் தெரியும். அதுக்கப்பறம் மறுபடி போடவே இல்ல.

ஜுலைகா ஒரு நாளு கேட்டா, "கடைசி வாரம் எங்க அண்ணனுக்கு நிக்காஹ். பாக்கவே முடியலக்கா. கிரீடத்த யாருதான் எடுத்தா?" நான் சொன்னேன், "கழுதை".

சொன்னதோட நிறுத்துனேனா? இல்ல. சைட்ல ஆறு பத்தி எழுதுனேன். கழுதை ராஜா கால்ல விழுந்து அழுதுச்சு, ஒத்தக் காது நனைஞ்சு தொங்குச்சுன்னெல்லாம். அதப் படிச்சுட்டுப் பதினோரு பேரு எழுதுறாங்க, "ஆமா மேடம், நாங்களும் பாத்தோம், எங்க வூட்டுல எல்லாரும் அழுதோம்"னு! சிங்கப்பூர்லேந்து ஒருத்தரு, "அந்தக் காது இன்னும் என் கண்ணுலயே நிக்குது"ன்னாரு. நிக்கட்டும்!

அத வச்சுத்தான் ஜுலைகா கேம் செஞ்சா. அதுக்குள்ள ஊருக்கு மாமியா வூட்டுக்கே திரும்பிட்டா. தனியா உக்காந்து, யாரும் சொல்லிக் குடுக்காம, எட்டு மாசம். பதிமூணு கட்டம். சமையக்காரி உப்புமாவ உருட்டி உருட்டிக் கழுதை மேல எறியணும். பட்டா அது கத்தும். அந்தக் கத்தல் இவளோட கொரலுதான். மத்தியானம் மாமியா தூங்கயில கதவச் சாத்திட்டு மைக்குல கழுதை மாதிரி கத்தியிருக்கா. அந்தம்மா எந்திரிச்சு வந்து, "புள்ளைக்கு ஏதோ ஆயிருச்சு"ன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கூட்டியாந்து ஓதச் சொல்லியிருக்காங்க! இத எங்கிட்ட சொல்லி அவ சிரிச்ச சிரிப்பு... ரிசீவர காதுலேந்து தள்ளிப் புடிச்சேன். எனக்கு அப்படிச் சிரிக்கிற ஆளு வேற யாரும் கெடையாதுங்க.

நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு? வந்தா பாருங்க மர்ஜியா. ஜுலைகாவோட நாத்தனா. அவளும் அப்ப ஷார்ஜாவுல இருந்தவதான், போன மாசம்தான் பொட்டி கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தா. அந்த ஊர்ல அப்ப ஒரு பழக்கம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டிவியில நல்லதா எது வந்தாலும் வீடியோ கேசட்டுல புடிச்சு, வளைகுடா போறவங்ககிட்ட குடுத்து விட்டுருவாங்க. அங்க இருக்குறவங்க வெள்ளிக்கெழம லீவுல உக்காந்து பாப்பாங்க. அந்த நிக்காஹ் அன்னிக்கு ஜுலைகா வூட்டுல யாரோ ஒரு மகராசன் பட்டன அமுக்கிட்டுப் பிரியாணிக்குப் போயிருக்கான். அந்தக் கேசட்டு எட்டு வருஷம் மர்ஜியா கட்டிலுக்கு அடியில கெடந்து, இப்பத் திரும்பி வந்திருக்கு.

போட்டுப் பாத்தா, கிரீடத்த எடுத்தது ராஜாவே! கனமா இருக்காம். கழுத்து வலிக்குதாம். அவரே கொண்டுபோயி அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, பதிமூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்காரு. அதக் கண்டுபுடிச்சு, வெளிய சொல்லாம, "நான் தூக்கிக்கறேன் ராஜா"ன்னு கிரீடத்தத் தன் தலையில வாங்கிக்கிச்சாம் அந்தக் கழுதை. அதப் போயி நான்... சரி.

நான் விடல. "ரெண்டு முடிவு எடுத்திருப்பாங்கடி, நான் பாத்தது வேற"ன்னேன். "அக்கா, பாத்தீங்களா பாக்கலியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னா. ஏங்க, ஒரே வார்த்தையில பதில் சொல்ல நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்? "எங்கிட்டயே கேள்வி கேக்குறியா"ன்னு வச்சேன் போன. அவ வைக்கல, நான்தான் வச்சேன். மறுநாளு சைட்ல பாக்குறேன், கேமக் காணோம். அவளே எடுத்துட்டா. நான் போன் பண்ணா மாமியாதான் எடுக்குறாங்க. "புள்ள தொழுவுது"ங்கறாங்க. அஞ்சு வேளைன்னு எனக்குத் தெரியாதா? பத்து தடவ போட்டேன், பத்து தடவயும் தொழுவுதாம்.

என்ன, நீங்களும் அதையே கேக்குறீங்களா? பாத்தியா பாக்கலியான்னா? வாயத் தொறந்து கேக்கலைன்னாலும் மூஞ்சி கேக்குது.

பாக்கலீங்க.

அப்ப நாங்க வரதராசன்பேட்டையில மாமனார் வூட்டுல இருந்தோம். ஞாயித்துக்கெழம எட்டு மணிப் பூசை. பிரசங்கம் முடிஞ்சு, நன்மை அப்பம் வாங்கிக்கிட்டு, வாசல்ல நாலு பேருக்குத் தோத்திரம் சொல்லிட்டு ஓடியாந்தாலும் ஒன்பதே காலு. ஒரு வாரம்கூட நான் மொதல்லேந்து பாத்தது கெடையாது. பாதி ராஜ்ஜியந்தான் எனக்குத் தெரியும். முன்பாதி பூரா ஜுலைகா பேச்சுவாக்குல சொன்னத வச்சு எழுதுனது. கடைசி வாரம் புள்ளைங்களுக்கு உறுதிப்பூசுதல் குடுக்க ஆயரே வந்துட்டாரு, பூசை நீண்டுக்கிட்டே போவுது. எழுவது புள்ளைங்க வரிசையா நிக்குது. மனசுக்குள்ள பிரார்த்தனையா பண்ணேன்? கிரீடம், கிரீடம், கிரீடம். வூட்டுக்கு வந்து நொழயிறேன், பேரெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. பேருக்குப் பின்னால அந்தக் கழுதை மட்டும் தலையக் குனிஞ்சு நிக்குது. தலையக் குனிஞ்சா திருடன்தானேன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன்.

'தெரியல'ன்னு சொல்லியிருக்கலாம். கான்வென்ட்டுல தெரியலன்னு சொன்னா பெஞ்சு மேல நிக்கணும். நான் ஒரு நாளும் நின்னதில்ல. எதையாவது சொல்லிடுவேன், தைரியமாச் சொல்லிடுவேன். பாதி நேரம் அதுவே சரியாயிரும். இந்த ஒண்ணு ஆவல.

கேம் போனதுகூட எனக்குப் பெருசு இல்லீங்க. அன்னிக்கு நான் போன வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னா. "தெரியலன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருமாத் தேடியிருப்போமேக்கா. கேசட்டு எங்க வூட்டு ஆளுங்ககிட்டயேதானே இருந்துச்சு." நான் அதுக்கும் எதுத்துப் பேசுனேன். என்ன பேசுனேன்னுகூட ஞாபகம் இல்ல.

வர்ற வியாழக்கெழம அவ ஷார்ஜா போறா. பொண்ணையும் கூட்டிக்கிட்டு, அங்கயே இருக்கப் போறா. விசா வந்திருச்சுன்னு அவ சொல்லல, சென்டர் மிஸ் சொல்லித்தான் தெரியும். அதான் வெயிலுன்னு பாக்காம ஓடுறேன். எங்க வூட்டுக்காரர்கிட்ட ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போறேன்னு சொல்லிருக்கேன். நெசத்தச் சொன்னா சிரிப்பாரு இல்ல?

ஏங்க, எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப்பு வந்திருச்சா? இருங்க, ஒரு நிமிஷம், பஸ்ஸு நிக்கட்டும். எனக்கு இது பழக்கமில்ல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட நான் அடுத்தவங்க பாவத்தத்தான் அதிகமாச் சொல்லுவேன். ஒரு தடவ உங்ககிட்டச் சொல்லிப் பாத்துக்கறேன். நீங்கதான் ஜுலைகான்னு வச்சுக்கங்க. கதவத் தொறந்துட்டீங்க. நான் வாசல்ல நிக்கிறேன். "ஜுலைகா, நான் பாக்கலடி. தெரியாமதான் சொன்னேன். மனசுல வச்சுக்காதடி." சரியா வந்துச்சா? இப்ப நீங்க, "உள்ள வாங்கக்கா"ன்னு சொல்லணும். ரெண்டே வார்த்தை. சும்மா, சொல்லித்தான் பாருங்களேன். ஏங்க? பைய அப்பறம் எடுத்துக்கலாங்க... சொல்லுங்களேன்.