இரண்டு நிமிட மௌனத்தில் நானும் எழுந்து நின்றேன்

என் பெயர் சுடலை, வயது 54, தகப்பனார் பெயர் பால்சாமி. போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மனைவி மொக்கம்மாளுடன் குடியிருந்தேன். போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கத்து ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் எட்டு வருஷமாக அடுப்புப் பார்க்கிறேன். கவுன்சிலர் சின்ராசு என் உடன்பிறந்த தம்பி. நான் இறந்துபோன சுடலையாக ஆள்மாறாட்டம் செய்வதாக அவர் கொடுத்த புகாரின்பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

நகராட்சித் தேர்தலுக்கு முன் தம்பி போனில், "அண்ணே, சோலிய விட்டுட்டு ஓட்டுப் போட வராதீக, நானே பாத்துக்கிறேன்" என்றார். அதன்படி இரண்டு மாதம் மலையை விட்டு இறங்கவில்லை.

அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை காலை ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஸ்டாண்டில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. அதில் என் படம் சிறியதாகவும், கும்பிட்டபடி தம்பி படம் பெரியதாகவும், மூலையில் அவருடைய தேர்தல் சின்னமும் இருந்தன. டிரைவர் என்னிடம் ஜீப்புக் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். மொக்கம்மாள் கழுத்தில் தாலி இல்லை. கேட்டதற்கு, நான் காய்ச்சலில் இறந்து மலையிலேயே அடக்கமானதாக ஊருக்குச் சொல்லி, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தம்பி கருமாதி வைத்ததாகவும், வார்டு முழுக்கக் கறிச்சோறு சாப்பிட்டதாகவும், ஓட்டுக்குச் சோறு போட்டால்தான் வேட்பாளர் செலவில் சேரும், கருமாதிச் சோறு சேராது என்று தம்பி விளக்கியதாகவும் சொன்னார். முதலில் காதுகுத்து வைக்கத்தான் நினைத்தார்களாம், காது குத்தாத பிள்ளை வீட்டில் யாரும் மிச்சமில்லையாம். தாலியைக் கழற்றியபோது அழுகை நிஜமாகவே வந்துவிட்டது என்றும் சொன்னார். "விதவைப் பணத்துக்கு உத்தரவு வந்திருச்சுய்யா. ஒரு போனு பண்ணிட்டு வந்திருக்கலாம்ல" என்றார். கதவைச் சாத்திவிட்டுச் சோறு போட்டார்.

அதன் பிறகு புதன்கிழமை, நான் உயிரோடு இருப்பதைச் சேர்மனிடம் சொல்ல நகராட்சி மன்றத்துக்குப் போய், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். தேர்தல் சமயத்தில் வேட்பாளர் வீட்டில் எந்தக் காரணத்துக்காக விருந்து நடந்தாலும் அதைத் தேர்தல் செலவில் சேர்க்க விதி வேண்டும் என்று கவுன்சிலர் சந்திரவல்லி தீர்மானம் கொண்டுவந்தார். தம்பி எழுந்து, "செத்தவனுக்குப் போட்ட சோத்துக்கும் கணக்குக் கேக்குறீகளே ஆத்தா, ஒங்க வீட்டுல எழவே விழாதா?" என்று அழுதார். சேர்மன் எனக்கு இரங்கல் தெரிவித்து இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார். எல்லோரும் எழுந்ததால் நானும் எழுந்து நின்றேன்.

மௌனம் முடிந்ததும், "ஐயா, நாந்தான் அந்தச் சுடலை" என்றேன். உறுப்பினர் அல்லாதவர் மன்றத்தில் பேசக் கூடாது என்று சேர்மன் சொன்னார். சந்திரவல்லி என்னை விசாரிக்கச் சொல்லிக் கத்தினார். தம்பி என் அருகில் வந்து முகத்தை உற்றுப் பார்த்து, "எங்கண்ணன் சாடையாத்தான் இருக்கீக அப்பு. எந்த ஊரு? இந்த ஆத்தா எம்புட்டுக் குடுத்துச்சு?" என்றார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு சந்திரவல்லியின் தீர்மானம் தோற்றது. இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சந்திரவல்லியும் அதற்குக் கை தூக்கினார்.

அதன் பிறகு என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள். மொக்கம்மாளை வரவழைத்து என்னைக் காட்டிக் கேட்டதில், இன்னார் என்று தெரியாது என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து ஏட்டம்மாவிடம், "அவருக்குக் காரம் ஆகாது, வயித்துல புண்ணு இருக்கு. இட்லி வாங்கிக் குடுங்க, சட்னி வேணாம்" என்றார். அவர் முதலில் சொன்னது மட்டும் எழுதப்பட்டது. இட்லி வந்தது. சட்னி இல்லை.

மேலே கண்டதெல்லாம் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னது, உண்மை. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

இடது பெருவிரல் ரேகை:
காலஞ்சென்ற சுடலை எனத் தன்னைக் கூறிக்கொள்பவர்