ஒரு சாக்குக்கு ஒரு தோட்டம்

அக்குறணை மிளகு ஸ்டோரில் அப்போது இருந்தவர்கள்: கம்பியூட்டருக்கு முன்னால் ஸாகி, காதில் போனோடு. வத்தேகமவிலிருந்து தன் தோட்டத்து மிளகைக் கொண்டுவரும் றலியா, ஸாகி அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிடுபவர், கதிரையில். மூட்டை தைக்கும் ராஜலிங்கம். போனின் மறுபக்கம் ஸாகியின் மூத்த சகோதரர், றிஸ்வி நானா. அவர் கொழும்பில், அவர்களிடம் மிளகு வாங்கும் கம்பனிக்குப் போயிருந்தார்.

ஹலோ... ஓ, சொல்லுங்க நானா... ஓ ஓ, சாக்குப் பதியிற ரெண்டு ‘அப்’பையும் நான் பார்த்த... ராஜலிங்கம் அண்ணே, மெஷின கொஞ்சம் நிப்பாட்டுங்க... ஆ, இப்ப கேக்குது.

முதலாவது வேணாம்... வேணாம் எண்டா வேணாம்... லேசுதான், இல்லங்கல்ல. ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணினா தோட்டத்துட பேர் வருது, மேப் வருது, மிளகுக் கொடிட போட்டோவும் வருது. கலியாணப் பேச்சுக்கு அனுப்புற மாதிரி. ஆனா ஒரு சாக்குக்கு ஒரு தோட்டம்தான். ரெண்டாவது பேர் போட்டா எடுக்குதில்ல...

கம்பனிக்குப் புடிச்சா நாங்க... சரி, சரி. சத்தம் போடல்ல.

நானா, றலியா ராத்தா வந்தீக்கிறா... ஓ, முன்னுக்குத்தான் ஈக்கிறா. கம்பனி அவக்கு மெசேஜ் அனுப்பீக்குது. ஒங்கட மிளகுல பூஞ்சணம், இனி எடுக்க மாட்டோம் எண்டு... என்ன? ஒங்களுக்கு முதலே தெரியுமா?

...

அது அவட மிளகு எண்டு எப்பிடிச் சொல்ற? மழ வந்த அண்டைக்கு நீங்களும்தானே ஓடினீங்க. முத்தத்துல மிளகு காயவச்ச எல்லாப் படங்குச் சீலையையும் இழுத்து உள்ளுக்கு ஒரே குமியாப் போட்டோம். புசல்லாவை மிளகு, வத்தேகம மிளகு, எங்கட வாப்பாட தோட்டத்து மிளகு. எல்லாம் ஒண்டாத்தான் நனஞ்சது. பொறகு அள்ளிச் சாக்குல போட்டு, கழட்டி வச்ச ஸ்டிக்கர நிறைக்கு ஏத்த மாதிரி ஒட்டினோம்... ஓ, எல்லா ஸ்டோர்லயும் அப்பிடித்தான். மழைக்குள்ள யாரும் தோட்டம் பார்த்து அள்ளுறல்ல. ஆனா பூஞ்சணம் புடிச்சது எங்கட கூரைக்குக் கீழ.

இல்ல, ராத்தா அழல்ல. தேத்தண்ணி குடுத்த, அப்பிடியே ஈக்குது.

அவ வேற கடைக்குக் குடுக்கவா? எந்தக் கடை? முதலாவது அப்ல கெட்டது எண்டு பேர் சிவப்பானா எல்லாக் கடையிலயும் சிவப்புத்தான். எல்லாரும் அதத்தானே பார்க்குறாங்க...

ரெண்டாவதுல கலந்தது எண்டு போட ஏலும். ஒரு குமிக்கு எத்தன தோட்டமும் போடலாம். எங்க காயவச்ச எண்டும் கேக்குது... ஓ, எங்கட ஸ்டோர் பேரும் வரும். அதுதானே ஒங்களுக்குப் புடிக்கல்ல.

ஓ... நான் நைட் ஷிப்ட பாதில விட்டுட்டு வந்தவன்தான். முந்தி வேல செஞ்ச அந்தக் கோடவுன்லயும் இதத்தான் சொன்னாங்க. ஸ்க்ரீன்ல சரியா ஈந்தாப் போதும், சாமான் எங்க கெடந்தாலும் பரவால்ல எண்டு.

கம்பனி ஆள் பக்கத்துல ஈக்காரா? போனக் குடுங்க... குடுங்களன்... சரி, குடுக்க வேணாம். நான் ரெண்டாவது அப்ல அந்தக் குமியப் பதிஞ்சிட்ட.

...

இப்பதான். ஒங்களோட பேசிக்கொண்டே. எல்லாத் தோட்டமும் போட்ட, வாப்பாடதும். நனஞ்ச எடம் எங்கட ஸ்டோர். கம்பனிக்கும் போயீக்கும், பார்க்கச் சொல்லுங்க.

தெரியும்... தெரியும் நானா, முழு லோடும் திரும்பி வரும்... இல்ல, அழிக்க ஏலாது. அதுல பதிஞ்சத அழிக்க விடுறல்ல. முதலாவதுல அழிக்க ஏலும், ஒங்களுக்கு அது புடிச்சதும் அதுக்குத்தானே.

...

வாப்பாட்ட நீங்களே சொல்லுங்க... ஓ... ஓ... சரி. ஸ்டோர விட்டுப் போற.

ராஜலிங்கம் அண்ணே, இந்தாங்க சாவி. நான் போன பொறகு உள்ளால பூட்டட்டாம், திரும்பி வந்தாத் தொறக்க வேணாமாம்... நானா சொல்றார், நீங்க என்ன செய்ற... ராத்தா, எழும்புங்க. ஒங்கட பேர் மட்டும் இல்ல இப்ப, எல்லார்ட பேரும் ஈக்கு... ஹலோ? நானா?

போன் துண்டிக்கப்பட்டிருந்தது. றலியா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். ஸாகி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினான். ராஜலிங்கம் அவன் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தி, உள்ளே இருந்து பூட்டினார்.