போனவனும் லெஃப்ட், இருக்கறவனும் லெஃப்ட்

— லெஃப்ட்னா இடப்பக்கம். அவ்வளவுதானே போக்னா? இதுக்கா இப்படித் தலையப் பிடிச்சுட்டு உக்காந்திருக்க?

— அவ்வளவோட முடிஞ்சா நான் ஏன் இப்படி உக்காரப்போறேன், இரேக்? முதல்ல அந்த பூட்ஸைக் கழட்டு. சமையலறை பூரா பனிச்சேறு. ஆமா, நீ எப்ப வந்த? வாசல்ல பஸ் சத்தமே கேக்கலையே?

— நீ புத்தகத்துக்குள்ள முழுகிக் கிடந்த. ரயிலே வந்தாலும் கேட்டிருக்காது.

— சாக்ஸ்கூட ஊறிப்போயிருக்கு. டிரைவர் சீட்டுல உக்காந்தவன் கால் எப்படி நனையும்?

— விடு. பசிக்குது.

— புளிமாவு சூப் அடுப்புல இருக்கு. நீயே ஊத்திக்க. காளான் கொட்டகைல பொறுக்கிப் பொறுக்கி என் விரலெல்லாம் மரத்துப்போச்சு, கரண்டி பிடிக்க முடியல.

— இதுல முட்டையைக் காணோமே?

— வீட்ல இருந்த ஒரே முட்டை உன் தட்டுலதான் கிடக்கு. நல்லாப் பாரு.

— ஓ, இருக்கு இருக்கு. என்ன இவ்வளவு கோவம்? காலைல இடது காலை ஊணி எழுந்துட்டியா?

— கேலி பண்ணாத. எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு.

— எனக்கு மட்டும் என்னவாம்? நாலு மணிக்கே இருட்டிடுது, வண்டில ஏறினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சரி, விடு. நாளைக்கு பியாவிஸ்தோக் டவுன்ல உனக்கு இங்கிலீஷ் பரீட்சை. வேலை ஏஜென்சிக்காரி என்ன சொன்னா? இந்தத் தடவையும் தேறலைன்னா அயர்லாந்துக்கு வேற ஆள் பாத்துக்குவோம்னுதானே?

— ம்.

— அங்க கிங்காவுக்கும் மாசம் நெருங்குது. நாம பெத்த பொண்ணு, பக்கத்துல துணைக்கு ஒருத்தர் இல்ல. அவ வீட்டுக்கு எதிர்லயே அந்த முதியோர் இல்லம், அதுல உனக்கு வேலை. இதை விட்டா இன்னொண்ணு இப்படி அமையாது. அதனால சொல்லு, வண்டிக்காரன் கேக்கறேன். லெஃப்ட்னா இன்னும் என்ன?

— 'தி பஸ் லெஃப்ட்'னா பஸ் போயிடுச்சு.

— இடப்பக்கமாவா?

— எந்தப் பக்கமாவும் போகலாம் தெய்வமே! கிளம்பிப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

— நடந்து போனாலும் லெஃப்ட்டா?

— நடந்து போனாலும் அதே. வண்டில போனாலும் அதே.

— என்ன பாஷை இது? நம்ம போலிஷ்ல நடந்து கிளம்பினா ஒரு சொல்லு, வண்டில கிளம்பினா ஒரு சொல்லு. நாய்க்குட்டிக்குக்கூட வித்தியாசம் தெரியும். சரி, அப்புறம்?

— குடையை பஸ்ல மறந்து வெச்சுட்டுப் போனாலும் லெஃப்ட். கட்டினவளை விட்டுட்டுப் போனாலும் லெஃப்ட்.

— குடையும் பொண்டாட்டியும் ஒண்ணு! இது பரவால்ல.

— சிரி, சிரி. இன்னும் ஒண்ணு இருக்கு, அதுதான் கஷ்டம். 'டூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்'னா ரெண்டு சீட்டு மிச்சம் இருக்கு.

— இரு, இரு. போயிட்டாலும் லெஃப்ட். போகாம மிச்சம் இருந்தாலும் லெஃப்ட்டா?

— ஆமா. நம்ம ஊரையே எடுத்துக்கயேன். ஃப்ளோரியான் குடும்பம் லெஃப்ட், ரொட்டிக்கடைக்காரங்க லெஃப்ட், எல்லாரும் போயிட்டாங்க. ஆனா 'ஹூ ஈஸ் லெஃப்ட்'னு கேட்டா, யாரு மிச்சம்னு அர்த்தம். நீயும் நானும்.

— அந்தச் சின்ன 'ஈஸ்' வந்தா ஆளு ஊர்லயே இருக்கான். வரலைன்னா போயிட்டான்.

— அதேதான். டக்குனு பிடிச்சுட்டியே!

— எனக்கே புரியற மாதிரி சொல்றியே. சரி, இப்ப ஒரே மூச்சுல சொல்லு. எல்லாரும் போயிட்டாங்க, குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க, இடப்பக்கம் ஒரு சீட்டு மிச்சம்.

— எவ்ரிபடி லெஃப்ட், தே லெஃப்ட் தி அம்ப்ரெலா, ஒன் சீட் ஈஸ் லெஃப்ட் ஆன் தி லெஃப்ட். போதுமா?

— போதும். போன தடவை எதுல தோத்த?

— சொன்னேன்ல. இந்தச் சொல்லுலதான்.

— அதுக்கு முந்தின தடவை?

— இதுலதான்.

— போக்னா.

— அங்க போனா படபடப்பாயிடுது இரேக். பேனாவே ஓட மாட்டேங்குது...

— போக்னா, என்னைப் பாரு.

— என்ன பாக்கறது? ஆமா, தெரியும். எல்லாமே தெரியும். தெரிஞ்சேதான் தப்பா எழுதிட்டு வந்தேன், ரெண்டு தடவையும். போதுமா?

— ஏன்?

— ஏன்னா கேக்கற? 'கடைசி ஆள் ஏறற வரைக்கும் பஸ் ஓட்டுவேன், இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்'னு ரெண்டு வருஷமா வீராப்பு பேசினது யாரு? நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ? சூப்பைச் சூடு பண்ணத் தெரியாது, ரெண்டு கையும் உனக்கு இடது கைதான். ராத்திரி இடுப்பு பிடிச்சுக்கிட்டா தைலம் தேய்க்க யார் இருக்கா? அங்க கிங்கா போன்ல அழறா. எனக்கு இங்கிலீஷ் மண்டையில ஏறலடின்னு பெத்த பொண்ணுகிட்டயே பொய் சொல்றேன். போகவும் முடியல, இருக்கவும் முடியல. நாளைக்கும் தப்பாத்தான் எழுதப்போறேன். முடியல இரேக்.

— அழாத. நான் ஒரு வாக்கியம் சொல்றேன், சரியான்னு பாரு. ஐ லெஃப்ட்.

— தப்பு. அப்படிச் சொன்னா போயிட்டேன்னு ஆயிடும். நீ இங்கயே கிடக்கறவன். 'ஒன்லி ஐ ஆம் லெஃப்ட்'னு சொல்லணும். நான் மட்டும் மிச்சம்னு.

— ஐ லெஃப்ட்.

— இப்பதானே சொன்னேன்? 'ஈஸ்' மாதிரியே இங்க ஒரு 'ஆம்' வரணும். அதைப் போடு மனுஷா.

— வேண்டாம் போக்னா. வாசல்ல போய்ப் பாரு, பஸ் இல்ல. சாவியை டிப்போல ஒரேயடியா குடுத்துட்டு நடந்தே வந்தேன்.