வலது இருக்கைக்கு ஆள் வேண்டும்

நிறுவனத் தலைவர் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த இயக்குநர்களே, இடம் கிடைக்காமல் முகம் சுருங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற இயக்குநர்களே, எங்கள் கேப்டனின் கணவர் பல் டாக்டர் அவர்களே, மாவுக்கட்டுக் கையோடு மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருக்கும், நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடும் மூத்த விமானி அவர்களே, இந்த விமானக் கொட்டகையின் எண்ணெய்க் கறைத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் விமானிகளே, மெக்கானிக்குகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. ‘அமைதியாக மறைந்த எங்கள் பயிற்சித் தலைமைக் கேப்டனுக்கு அஞ்சலி’ என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாவம், அவர் கேப்டனோடு பறந்ததில்லை. அமைதியாகவா? எங்கள் கேப்டன் எதை அமைதியாகச் செய்தார்? அவர் கதவைச் சாத்தினால் அலமாரியிலிருந்து ஸ்பேனர்கள் விழும். ஒரு சிமெண்ட் சுவரில் பக்கவாட்டில் மோதி, கிழிந்த தகரத்துக்கு நடுவில் இறந்தார் அவர். அதை அமைதி என்று சொன்னால், இதோ இந்தப் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்து, எழுதியவர் கையில் ஒன்று போட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

எதைக் கொண்டு போடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். புகைப்படத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் இருக்கிறது. நீள டார்ச் லைட். விசாரணைக்காரர்கள் நேற்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள். கழுத்து வளைந்திருக்கிறது, கண்ணாடி போய்விட்டது. அமுக்கிப் பார்த்தேன், எரிகிறது.

எனக்கு முன்னால் பேசிய தலைவர் அவர்கள், கேப்டனின் நினைவைப் போற்றும் வகையில் ஓர் அறிவிப்புச் செய்தார். வரும் திங்கட்கிழமையிலிருந்து, நம் இரண்டு சின்ன ஜெட்டில் மிஞ்சியிருக்கும் ஒன்றை ஒரே விமானி ஓட்டுவார். வலது இருக்கையில் விமானி தேவையில்லை, அங்கே ஒரு பயணி உட்காரலாம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். “வலது இருக்கை காலியாக இருந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்” என்றார். என்ன அழகான கணக்கு! குளத்தில் ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவன் செத்தால், இனிமேல் நீச்சல் தெரிந்தவர்களைக் குளத்துப் பக்கமே விடக்கூடாது என்பதைப் போல. திங்கட்கிழமை அந்த முதல் ஓட்டத்துக்கு என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கணக்கை நான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நண்பர்களே! அந்த வகை ஜெட் முதன்முதலில் இங்கே வந்து இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு இறக்கை வைத்தது போல் இருந்தது. மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இது ஜெட்டா? கொசுய்யா இது” என்றார். அன்றிலிருந்து அதற்குக் கொசு என்றே பெயர். நாங்கள் யார்? பழைய பெரிய விமானங்களில் மீசை நரைத்தவர்கள். அந்த விமானங்கள் எருமைகள். காற்று திடீரென்று காலை வாரினால், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் லீவர் இரண்டையும் உள்ளங்கையால் அறைந்து கடைசிவரை தள்ள வேண்டும். அப்போதுதான் எருமைக்கு உறைக்கும். அந்த அறை எங்கள் பலருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அது எங்கள் மூளையில் இல்லை, கையில் இருந்தது.

கொசுவுக்கு அது ஆகாது. அதன் லீவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. மெல்லக் கேட்டால் கொடுக்கும். அறைந்தால் கோபித்துக்கொள்ளும். அப்புறம் லீவரைப் பின்னால் இழுத்தாலும் காதில் வாங்காமல், முழு வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். தயாரித்தவர்கள் இதைக் குறை என்று சொல்வதில்லை, குணம் என்கிறார்கள்.

அந்தக் குணத்தை எங்களுக்குப் புரியவைக்க வந்தவர்தான் எங்கள் கேப்டன். எங்களில் பலருக்குத் தங்கை வயது. தரையில் இருக்கும்வரை ‘வாங்க’, ‘போங்க’, ‘நீங்க’. சக்கரம் தரையை விட்டதும் ‘நீ’. மரியாதையையும் சக்கரங்களோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார். இறங்கியதும் இரண்டும் வெளியே வரும்.

அவருடைய பாடம் ஒன்றே ஒன்று. எச்சரிக்கை மணி அடித்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைக்க வேண்டும். “கை கீழ. கண் மேல. என்ன தெரியுது, சொல்லு.” சொன்ன பிறகு, “இப்ப செய்.” அவ்வளவுதான். கை முந்திக்கொண்டு லீவருக்குப் போனால், விரல் முட்டியில் டார்ச் விழும். எங்கள் பயிற்சிக் குழுவில் முட்டி வீங்காதவர் யாராவது உண்டா? எழுந்திருங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. என் வலது கை மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்காது. மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். என் மனைவி கேட்டாள், “யாருகிட்ட அடி வாங்கினீங்க?” “பயிற்சியில” என்றேன். “குத்துச்சண்டையா?” என்றாள்.

ஒரு மத்தியானம், நானும் அவரும் கொசுவில் உயரே ஏறிக்கொண்டிருந்தோம். என்னை அவர் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார், நான் சொல்லும் வானிலை ஒருநாளும் பலிக்காததால். “வானம் தெளிவு” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெரிய கழுகு முன்கண்ணாடியில் வந்து வெடித்தது. வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி முழுக்க ரத்தம், இறகு, குடல். வெளிக்கண்ணாடி சிலந்திவலை போல் விரிந்துவிட்டது. மணி அலறுகிறது. என் கை எங்கே போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள். லீவரைத் தொடுவதற்குள் டார்ச் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மணியைத் தாண்டிக் கேட்டது.

“ஐயோ, கழுகு” என்றேன்.

“கழுகு செத்துப்போச்சு ஜோசியரே. அதுக்கு நீ இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. கை கீழ. என்ன தெரியுது?”

“ரத்தம்.”

“அதுக்குப் பின்னால?”

பின்னால் பார்த்தேன். ரத்தத்தின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்தில், அடிவானம் தெரிந்தது. இரண்டு இன்ஜினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அந்த விரல் அகல வானத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கினோம். இறங்கியதும் அவரே என் கையில் துணி சுற்றினார். “ரொம்ப வலிக்குதுங்களா?” என்று கேட்டார். சக்கரம் வெளியே வந்துவிட்டதல்லவா, மரியாதையும் வந்துவிட்டது.

இதையெல்லாம் வன்முறை என்று மாமா புகார் கொடுத்தார். மாமா, தலையைக் குனியாதீர்கள். புகார் நியாயமானது. அடி அடிதானே? மனிதவள அதிகாரி கேப்டனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“நீங்க இவரை அடிச்சீங்களா மேடம்?”

“அடிச்சேன்.”

“எத்தனை தடவை?”

“அவர் கை எத்தனை தடவை போச்சோ, அத்தனை தடவை.”

“வாயால சொல்லக்கூடாதா?”

“சொன்னேன். காது கேட்டுது, கை கேக்கலை.”

அன்று மாலை, இதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மாமா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மாமாவின் உடம்பை நீங்களே பார்க்கிறீர்கள், அலமாரி. “பொம்பளைன்னு பாக்கறேன்” என்றார் மாமா. கேப்டன் டார்ச்சின் முனையை அவர் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினார். “நான் பைலட்டுன்னு பாக்கறேன். இல்லேன்னா இதை உள்ள விட்டிருப்பேன்” என்றார். காலர் கிழிந்தது, பொத்தான் பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பொத்தானைத் தேடிக் கொடுத்தவர் மாமாதான். புகாரை மட்டும் திரும்ப வாங்கவில்லை. கொள்கை வேறு, டீ வேறு என்றார்.

இவ்வளவு அடித்தவர் வீட்டில் எப்படி? நேற்று டாக்டரைப் பார்க்கப் போனபோது கேட்டேன். அவர் நாள் முழுக்கப் பிறர் பல்லைப் பிடுங்கியும் குரல் உயர்த்தாத மனிதர். “வீட்ல ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டாங்க. நான்தான் அடிப்பேன்” என்றார். அப்புறம் கேட்டார், “கடைசியில அவ என்ன சொன்னா? யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க.” இங்கே எல்லோர் முன்னாலும் சொல்ல அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். மாமாவும் கொடுத்திருக்கிறார். சொல்கிறேன்.

அன்று இடது இருக்கையில் மாமா. வலது இருக்கையில் கேப்டன். புயல் மேகம் ஓடுதளத்தின் தலைமாட்டில் நின்றது. தரை தொடுவதற்குச் சற்று முன் மேலிருந்து இறங்கிய காற்று கொசுவைப் பிடித்து அடித்தது. விமானம் கல் போல் விழுந்தது. மாமாவின் கை, வாழ்நாள் பழக்கம், லீவர் இரண்டையும் அறைந்தது. கணினி கோபித்துக்கொண்டது. சக்கரம் தரையில் மோதிக் குதித்து, மறுபடி மோதி, இரண்டு இன்ஜினும் முழு வேகத்தில் கத்த, கொசு ஓடுதளத்தில் வெறி பிடித்து ஓடியது. எதிரே சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பேருந்து ஓடும் சாலை.

எரிபொருளை நிறுத்தும் சுவிட்சுகள் மாமாவின் மணிக்கட்டுக்கு அடியில் இருந்தன. பயத்தில் அந்தக் கை லீவரோடு இறுகிவிட்டது. செத்தவன் பிடி போல. விமானத்தின் ஒலிப்பதிவை, குரல் அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். கேட்டதைச் சொல்கிறேன்.

“மாமா, கை. கையை எடு. கையை எடுடா!”

ஓர் அடி. இன்னோர் அடி. மாமாவின் அலறல். மூன்று விரல் முறிகிறது. சுவிட்ச் விழும் சத்தம். இன்ஜின் இரண்டும் அடங்குகின்றன. பிரேக் கதறுகிறது, டயர் வெடிக்கிறது. அந்த இரைச்சலில் கேப்டன் கேட்கிறார், பாடம் நடத்தும் அதே குரலில்:

“என்ன தெரியுது, சொல்லு.”

“சுவரு கேப்டன்.”

“எனக்கும் தெரியுது. காலை மடக்கிக்கோங்க.”

அவ்வளவுதான் டாக்டர். அதுதான் கடைசி. ‘மடக்கிக்கோங்க’ என்றார். பாடம் முடிந்துவிட்டது, சக்கரமும் தரையில் இருந்ததல்லவா?

அதன்பின் அவர் இடது பெடலை மிதித்தார். மூக்கு இடது பக்கம் திரும்பியது. விமானம் தன் வலது விலாவைச் சுவருக்குக் கொடுத்தது. வலது பெடலை மிதித்திருந்தால் இன்று இந்தப் படத்தில் மாமா இருந்திருப்பார், மாமாவைப் பற்றி அவர் பேசியிருப்பார். என்னைவிடச் சுருக்கமாகப் பேசியிருப்பார். தடுமாற்றத்தில் கால் தவறியது என்று ஓர் இயக்குநர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, அவருக்குக் கை தவறிக்கூட நாங்கள் பார்த்ததில்லை. கால் எப்படித் தவறும்?

தலைவர் அவர்களே, இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். அந்த இருக்கை காலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறுகிய கை இறுகியபடி இருந்திருக்கும். விரலை உடைக்க ஆள் இல்லை. கொசு முழு வேகத்தில் சுவரை உடைத்துக்கொண்டு சாலையில், ஒரு பேருந்துக்குள் போய் நின்றிருக்கும். மிஞ்சியிருக்கும் என்றீர்களே ஓர் உயிர், அது யாருடையது?

என்னை வேலையை விட்டு நீக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கூட்டம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை நான் வருவேன். இடது இருக்கையில் உட்காருவேன். வலது இருக்கையில், என் கையை உடைக்கத் தயங்காத ஒரு விமானி ஏறும்வரை, கதவைச் சாத்த மாட்டேன். இது கெஞ்சல் இல்லை. அந்த டார்ச்சை எடுத்துக்கொள்ள யார் வருகிறீர்கள்?

மாமா... மாமா, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? மாவுக்கட்டு உலரட்டும். என்ன? சத்தமாகச் சொல்லுங்கள்.

“இடது கை நல்லாத்தான்யா இருக்கு” என்கிறார். வலது இருக்கையில் உட்கார்ந்தால் அடிக்க இடது கைதான் வேண்டும் என்கிறார். எலும்பு கூடியதும் மருத்துவர் சான்றோடு வாருங்கள் மாமா. அதுவரை உங்களுக்குப் பின்னால் இதோ ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், என் மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு ஆசையா?

நல்லது. இரங்கல் கூட்டம் என்றால் எழுந்து நின்று, கையை நீட்டி உறுதி எடுப்பார்கள். நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. நீட்டிய கையைக் கண்டால் கேப்டனுக்கு ஆகாது. எல்லோரும் உட்காருங்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வையுங்கள். மேடையில் இருப்பவர்களும்தான். மாமா, உங்கள் வலது கைக்கு விலக்கு. அது ஏற்கெனவே பாடம் படித்துவிட்டது. தலைவர் அவர்களே, பாக்கெட்டில் போன் அடிக்கிறது, கேட்கிறது. அடிக்கட்டும். கை கீழே.

கண் மேலே. என்ன தெரிகிறது? எனக்கு ஒரு புகைப்படம் தெரிகிறது. வளைந்த டார்ச் தெரிகிறது. அந்தக் கதவுக்கு வெளியே, வெயிலில், மிச்சமிருக்கும் இன்னொரு கொசு தெரிகிறது. அதன் வலது பக்கத்து ஜன்னலில் யாரும் இல்லை.

பார்த்தாயிற்று. சொல்லியாயிற்று. கேப்டன், இப்போது செய்கிறோம்.