மழையில்லாத நாளில் கடைவீதிக்குள் வந்த தண்ணீர்

ஆற்றங்கரைப் பழைய கடைவீதிச் சீரமைப்புத் திட்டத்தில் இளநிலைப் பொறியாளராக வேலை பார்க்கும், இருபத்தேழு வயதான, பழைய கிடங்கின் பின்புற மாடி அறையில் குடியிருக்கும் நான், விசாரணை அதிகாரி முன்பு சொல்வது:

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, துளி மழை இல்லாதபோது, கடல் ஏற்றத்தில் ஆறு உயர்ந்து கடைவீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. புத்தகம் கட்டுபவரின் கடையில் இருந்த காகிதம் அத்தனையும் ஊறிப்போனது. ஏற்றத்துக்கு முன் ஆற்று மதகை மூடாமல் விட்டதாக அவர் பம்பு இயக்குபவர் மேல் புகார் கொடுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் மதகைப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. "அண்ணே, தண்ணி வந்தப்புறம்தானே மூடுனீங்க?" என்று பம்பு இயக்குபவரிடம் கேட்டேன். "தம்பி, மூடுனா வராதுன்னு சொன்னது நீங்க. மூடுனேன், வந்துச்சு. நான்தான் உங்களக் கேக்கணும்" என்றார். காரணம் தெரியாமல் விடுவது எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் காலை, ஏற்றம் சிறியது, கடைக்குள் வராது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, மதகை என் கண் முன்னால் மூடச் சொல்லிவிட்டு, எங்கள் புதிய வடிகால் குழாய் ஆற்றில் திறக்கும் இடத்தில் நாற்பது சிவப்பு பாட்டில் மூடிகளைப் போட்டேன். "இதுக்குத்தான் அவ்வளவு படிச்சீங்களா?" என்றார் பம்பு அண்ணன். பதினோராவது நிமிடம் கடைவீதிச் சாக்கடைக் குழியில் முதல் மூடி மிதந்தது. "என் வாசல்தான் கெடச்சுதா?" என்றார் புத்தகம் கட்டுபவர். குழி அவர் கடைக்கு நேர் எதிரில் இருந்தது.

அதன் பிறகு தண்ணீர் வடியும்வரை காத்திருந்து குழிக்குள் இறங்கினேன். ஆற்றுத் தண்ணீரைத் தடுக்க வேண்டிய ஒருவழிக் கதவு எதிர்த் திசையில் பொருத்தப்பட்டிருந்தது. ஆறு தள்ளினால் திறக்கும். பொருத்திய ஃபிட்டரை வரவழைத்து எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். "சார், கத்தாம பாருங்க. உங்க அம்புக்குறி ஆத்துலேந்து தெருவுக்குப் போகுது. அன்னைக்கே கேட்டேன். படத்துல இருக்கறதச் செய்யுங்கன்னீங்க."

அவர் கேட்டது உண்மை. எதிர்க்கரைக்கு வரைந்த படத்தை நகலெடுத்துத் தெரு எண்களை மட்டும் மாற்றியிருந்தேன். அங்கே ஆறு இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். அம்பைத் திருப்பவில்லை. வேலை முடிந்தபின் குழிக்குள் இறங்காமல், மேலே நின்றபடியே சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை பம்பு இயக்குபவரைக் கைது செய்தது தெரிந்து நானாகவே வந்தேன். திங்கட்கிழமை அவர் எத்தனை மணிக்கு மூடினார் என்று நான் பார்க்கவில்லை. மூடியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும் என்பதைப் பார்த்தேன். வரைபடத்தில் குறை இருந்திருக்கலாம் என்று எழுதட்டுமா, வேலை போய்விடுமே என்று அதிகாரி கேட்டார். இருந்திருக்கலாம் இல்லை, இருக்கிறது, அப்படியே எழுதுங்கள் என்றேன். இதே படத்தை வைத்து இன்னும் ஆறு குழாய்கள் போட்டிருக்கிறோம். அடுத்த பெரிய ஏற்றம் வெள்ளிக்கிழமை. அதற்குள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் படித்துக் காட்டினார்கள். அனைத்தும் உண்மை. வரைபடப் பிரதியில் பிழையான அம்பை வட்டமிட்டு, அதன் கீழும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)
இளநிலைப் பொறியாளர்